மைக்கேல் பாரடேயும் இடைநின்ற பொருளும்

மின்விசையை ஆராய்ந்த பெரியோருள் மைக்கேல் பாரடேயின் பெயரை அறியாதார் அரியர். காந்தத்தால் மின்சாரம் பிறப்பித்தவர் என்றே பலரும் அவரைப் போற்றுவர். ஆயினும், மின்சாரத்தைக் கடத்தாப் பொருள்களிடத்து அவர் கண்ட உண்மையும் சிறிதன்று. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அவர் 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், லண்டனையடுத்த நியூயிங்டனில், ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். 14ஆம் வயதில் புத்தகங் கட்டும் தொழில் பயில அமர்ந்து, கட்ட வந்த நூல்களையே ஆசிரியராகக் கொண்டார். 1812ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெழுதி, தம் கையாலேயே கட்டி, அவருக்கு அனுப்பினார். அதன் பயனாக மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார். மின்காந்தத் தூண்டலை அவர் கண்டது 1831ஆம் ஆண்டில்.

அக்காலத்து அறிஞர் பலர், மின்விசை இடைவெளியைத் தாவிச் சென்று தாக்குமென்றும், இடையிலுள்ள பொருள் வாளாவிருக்குமென்றும் கருதினர். பாரடே அதனை ஒப்பினாரல்லர். 1837ஆம் ஆண்டில், பித்தளைக் கோளத்தினுள் சிறு கோளமொன்றை நிறுத்தி, ஒரே அளவான கருவிகள் இரண்டு அமைத்தார். ஒன்றன் இடைவெளியில் காற்றிருக்க, மற்றொன்றில் அரக்கையும் கந்தகத்தையும் முறையே இட்டு, இரண்டிற்கும் மின்னூட்டத்தைப் பங்கிட்டார். பங்கு சமமாகவில்லை, அரக்கோ கந்தகமோ இட்ட கருவியே மிகுதியாக ஏற்றது. கந்தகத்தின் ஏற்குந்திறன் காற்றினதைப் போல் இருமடங்குக்கு மேற்பட்டதென அவர் கணக்கிட்டார். இடைநின்ற பொருளும் தொழிற்படுவதென்பது இதனால் விளங்கிற்று.

அஃது எங்ஙனம் தொழிற்படும்? டர்ப்பன்டைன் தைலத்தில் ஈயச் சிறு குண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் விரவி நிற்பதைப் போன்றதே அப்பொருளின் உள்நிலை என்று அவர் 1838ஆம் ஆண்டில் உவமித்தார். கணிதப் பயிற்சி அவர்க்கில்லாமையால் புலவர் பலர் அக்கொள்கையை ஏற்கத் தயங்கினர். 1840ஆம் ஆண்டையொட்டி நினைவாற்றலும் தளர்ந்து, சில ஆண்டுகள் ஆராய்ச்சி தடைப்பட்டது. எனினும் அவர் தம் கொள்கையினின்று வழுவாது நின்றார். பின்னர் மாக்ஸ்வெல் என்னும் இளைஞர் அதற்குக் கணித வடிவம் தந்தார்.

1857ஆம் ஆண்டில் பாரடே, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய பொற்றுகள்களை நீரில் விரவி, அவற்றால் நீர் செந்நிறம் பெறுதலையும் ஆராய்ந்தார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தம்மை நாடி வந்தும் மறுத்து, 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஹாம்ப்டன் கோர்ட்டில் உயிர்நீத்தார். மின்னேற்புத் திறனின் அளவை அவர் பெயரால் பாரடு என வழங்குகிறது.

அவர் எண்ணியது இன்று புதுவடிவில் பயன்படுகின்றது. பேரியம் டைட்டனேட் என்னும் படிகத்தின் ஏற்குந்திறன் காற்றினதைப் போல் ஆயிர மடங்கிற்கும் மேலாகும். வெளிவிசை நீங்கிய பின்னும் அதன் மின்சாய்வு ஒரு பக்கமே நிலைக்கும். இத்தன்மையைப் ஃபெர்ரோ மின்தன்மை என்பர். அப்படிகம் தனியே வளையாது, நொறுங்கும். பாலிமர் வளையும், ஆயின் ஏற்குந்திறன் குறைந்தது. ஆதலின் படிகத்தை மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கு முதல் நூறு பங்கு வரையான துகள்களாக்கி, பாலிமரில் விரவி, மெல்லிய படலமாக வார்த்து, வளையும் மின்னணுக் கருவிகளுக்கு அமைக்கின்றனர். துகள்கள் திரண்டு கூடுமாயின் மின்சாரம் கசிந்து படலம் பழுதுறும். தனித்தனியே விரவி நிற்பதிலேயே அதன் வன்மையுளது. பாரடேயின் உவமையிலும் குண்டுகள் ஒன்றையொன்று தொடாதிருந்தமை நினைக்கத்தக்கது.

மாணவ நண்பர்காள்! பிறர் வறிதென்று தள்ளிய இடைவெளியை உற்றுநோக்கியே புத்தகங் கட்டிய அவ்விளைஞர் இத்துணையும் கண்டார். நாமும் எப்பொருளையும் பயனற்றதென்று ஆராயாமல் தள்ளாதிருப்போமாக.