உழைப்பாளர்க்காக எழுதிய அறிஞர் சிட்னி வெப்

மேடைகளில் முழங்கி மக்களைத் திரட்டிய தலைவர்களை நாம் நன்கறிவோம். அறைக்குள் அமர்ந்து விவரங்களைத் தொகுத்து, அறிக்கைகள் எழுதி, அவற்றின் வலிமையால் ஒரு நாட்டின் சட்டங்களையே மாற்றிய தலைவர்களும் உலகில் வாழ்ந்ததுண்டு. அத்தகையோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இங்கிலாந்தின் சிட்னி வெப். கல்விப் பணிக்கெனத் தோன்றிய நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவரது வரலாற்றை எழுதுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. டாக்டர் அம்பேத்கர் பயின்று பட்டம் பெற்ற இலண்டன் பொருளாதாரப் பள்ளியைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் இவரே.

சிட்னி வெப் 1859ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தாயார் சிகை ஒப்பனைக் கடை நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். தந்தையார் கணக்கெழுதும் தொழில் செய்தவர். செல்வமோ குலப்பெருமையோ துணைக்கு இல்லை. பதினாறு வயதை எட்டும் முன்பே பள்ளியை விட்டு எழுத்தர் வேலைக்குச் செல்ல நேர்ந்தது. ஆயினும் அவர் கல்வியை விடவில்லை. பகலில் அலுவலகமும் மாலையில் வகுப்புமாகக் காலத்தைக் கழித்தார். 1878இல் தேர்வெழுதி அரசுப் பணியில் சேர்ந்தார். மேலும் தேர்வுகள் எழுதி, 1881இல் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் முதல் பிரிவில் இடம் பெற்றார். 1885இல் வழக்கறிஞராகவும் தகுதி பெற்றார்.

அவ்வாண்டிலேயே நண்பர் பெர்னார்ட் ஷாவின் தூண்டுதலால் பேபியன் சங்கத்தில் சேர்ந்தார். 1884இல் தொடங்கப்பெற்ற அச்சங்கம், பகைவனோடு உடனே மோதாமல் காலம் பார்த்துப் போரிட்ட பேபியஸ் என்னும் உரோமானியத் தளபதியின் பெயரைத் தாங்கியது. திடீர்ப் புரட்சியை விடுத்து, படிப்படியான சட்டங்களின் வழியே சமதர்மத்தை அடையலாம் என்பது அதன் கொள்கை. 1887இல் வெப் எழுதிய சிறு வெளியீடு ஒன்று நாட்டு வருமானம் எவர் கையில் எவ்வளவு சேருகிறது என்பதை அரசின் கணக்குகளைக் கொண்டே எடுத்துக் காட்டிற்று. அதில் வசைமொழி இல்லை, எண்களே பேசின. எதிர்ப்பவர் மறுக்கவொண்ணாத சான்றை முதலில் வைத்து, அதன்பின் கோரிக்கையை வைக்கும் முறை இவ்வாறு உருப்பெற்றது. ஆராய்ந்து கொள்கை வகுத்துக் கட்சிகளுக்கு வழங்கும் இக்காலக் கழகங்களுக்குப் பேபியன் சங்கம் முன்னோடியாயிற்று.

1892ஆம் ஆண்டில் அவர் பீட்ரிஸ் பாட்டரை மணந்தார். செல்வர் மகளாயினும் பீட்ரிஸ் அம்மையார் இலண்டன் ஏழைகளின் வாழ்வை நேரில் கண்டு ஆராய்ந்தவர். அவருக்குத் தந்தை வழியே கிடைத்த ஆண்டு வருமானம் ஆயிரம் பவுன் இருவரையும் ஊதியக் கவலையினின்று விடுவித்தது. வெப் முன்னரே அரசுப் பணியைத் துறந்திருந்தார். கணவனும் மனைவியும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதினர். தொழிற்சங்க இயக்கத்தின் வரலாறு 1894இலும், தொழில் மக்களாட்சி பற்றிய பெருநூல் 1897இலும் வெளிவந்தன. சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த லெனின் பின்னதை ருஷ்ய மொழியில் பெயர்த்தார்.

அதே 1892இல் டெப்ட்போர்டு தொகுதியிலிருந்து இலண்டன் மாவட்ட மன்றத்திற்கு வெப் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொழிற்கல்விக் குழுவின் தலைவராக அமர்ந்து, தொடக்கப் பள்ளியில் பயிலும் ஏழைச் சிறார் உயர்நிலைப் பள்ளிக்கும், அதற்கு மேலும் செல்ல உதவித்தொகைத் திட்டங்களை வகுத்தார். மாலை வகுப்பில் படித்து உயர்ந்தவர் கட்டிய ஏணி அது. எனினும் ஏணியில் ஏறுவோர் சிலரே. கீழே நிற்போர் பலர். அனைவர்க்கும் உயர்நிலைக் கல்வி என்னும் நிலை அந்நாட்டில் மேலும் அரை நூற்றாண்டு கழித்தே வந்தது. உதவித்தொகை வழங்கும் எந்தச் சங்கமும் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

1894இல் ஹட்சின்சன் என்னும் பேபியன் உறுப்பினர் தம் சொத்தின் பெரும்பகுதியைச் சங்கப் பணிக்கென எழுதி வைத்து இறந்தார். அப்பணத்தைத் தேர்தலுக்கும் கூட்டங்களுக்கும் செலவிட வேண்டுமென்று பலர் விரும்பினர். வெப் அதனை ஒரு கல்விக்கூடத்தின் வித்தாக்கினார். 1895இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே கட்சிப் பாடம் நடத்தவில்லை. உண்மையை ஆராய்ந்தால் அது ஏழையின் பக்கமே நிற்கும் என்று அவர் நம்பினார். 1916இல் அப்பள்ளியில் சேர்ந்த அம்பேத்கர், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் இடையில் தாயகம் திரும்ப நேர்ந்தது. 1920இல் மீண்டும் சென்று, 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் பெற்றார். தேர்தல் செலவில் கரைந்திருக்கக்கூடிய பணம் இன்னொரு கண்டத்தின் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் பயன்பட்ட வரலாறு இது.

ஏழைச் சட்டத்தை ஆராய 1905இல் அமைக்கப்பெற்ற அரசக் குழுவில் பீட்ரிஸ் உறுப்பினரானார். வேலையும் வீடும் இழந்தோரைப் பணிமனைகளில் அடைத்து, கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்த கொடிய முறை அன்று நிலவியது. குழுவின் பெரும்பான்மையோருடன் உடன்படாத நால்வர் 1909இல் தனி அறிக்கை அளித்தனர். அதை வரைந்ததில் சிட்னி வெப்பின் பங்கே பெரிது. வறுமையை ஏழையின் குற்றமாகக் கொள்ளாமல் சமுதாயத்தின் நோயாகக் கண்டது அவ்வறிக்கை. நோயாளியை நலத்துறையும் குழந்தையைக் கல்வித்துறையும் காக்க வேண்டும், வேலையற்றோர்க்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று கூறியது. அன்றைய அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் அப்பணியில் அவர்களுக்கு உதவிய இளைஞர் பெவரிட்ஜ், 1942இல் சமூகப் பாதுகாப்பு அறிக்கையை எழுதினார். 1948இல் ஏழைச் சட்டம் அடியோடு மறைந்தது.

தொழிற்கட்சியின் 1918ஆம் ஆண்டு அமைப்பு விதிகளை வரைந்ததிலும் வெப்பின் கை இருந்தது. உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையாதல் வேண்டும் என்ற அதன் நான்காம் விதி 1995இல்தான் மாற்றப்பட்டது. 1922இல் சீஹாம் சுரங்கத் தொழிலாளர் அவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். 1924இல் வணிக அமைச்சரானார். 1929 முதல் 1931 வரை பாஸ்பீல்டு பிரபு என்ற பெயரில் குடியேற்ற நாட்டு அமைச்சராயிருந்தார். முந்தைய குழுவொன்றின் பரிந்துரைப்படி, இலங்கையில் வயது வந்த ஆண் பெண் இருபாலார்க்கும் சொத்தோ படிப்போ கேளாமல் 1931இல் வாக்குரிமை வந்தது அவர் பதவிக் காலத்திலேயாகும். ஆயினும் மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்தியத் தமிழர்க்கு வசிப்பிட நிபந்தனைகள் தடையாய் நின்றன. அவரது அரசு அத்தடையை நீக்கவில்லை.

அவர் வாழ்வில் பெருங்குறை ஒன்றும் உண்டு. அதை மறைத்தல் நமக்கு அழகன்று. 1932இல் சோவியத் நாட்டைக் கண்டுவந்து, 1935இல் மனைவியுடன் இணைந்து அதைப் புகழ்ந்து பெருநூல் எழுதினார். அந்நாட்டில் 1932, 1933 ஆண்டுகளில் பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் மடிந்த உண்மை அந்நூலில் உரிய இடம் பெறவில்லை. அரசு அளித்த கணக்குகளை அவர்கள் நம்பினர். வாழ்நாளெல்லாம் எண்களைப் படைக்கலமாகக் கொண்டவரை எண்களே ஏமாற்றின. வயலில் பசித்துக் கிடந்தவனிடம் கேட்காமல் எழுதப்படும் புள்ளிவிவரம் எத்துணை நேர்த்தியாயினும் பொய்யாகலாம் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

பீட்ரிஸ் அம்மையார் 1943இல் மறைந்தார். 1945 தேர்தலில் வென்ற தொழிற்கட்சி உறுப்பினருள் பேபியன்கள் இருநூறுக்கு மேற்பட்டோர். இந்தியா விடுதலை பெற்ற இரண்டு திங்களுக்குள், 1947 அக்டோபர் 13ஆம் நாள், சிட்னி வெப் காலமானார். இருவரின் சாம்பலும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் வைக்கப்பெற்றது.

நம் இளைஞர்கள் இவரிடம் கற்க வேண்டியது உழைப்பின் முறை. நம் ஊரில் எத்தனைப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை, உரிய உதவித்தொகை எத்தனைப் பேருக்குச் சேரவில்லை, பஞ்சமி நிலம் எவ்வளவு யார் கையில் உள்ளது என்பவற்றை நாமே தெருத்தெருவாய்ச் சென்று கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அலுவலகத்தில் கிடைக்கும் கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டும் மாறுபடும் இடத்தில்தான் நம் மனு தொடங்க வேண்டும். இப்பணிக்குச் சங்கத்தின் படிப்பகம் மாலைதோறும் திறந்திருக்கும்.