கண் ஒளி தந்த தஞ்சை மன்னர்

1798-ல் தஞ்சை அரியணையை இழந்த அமர்சிங், திருவிடைமருதூரில் போய்க் குடியேறினார். அவருக்குப் பதில் அரியணை ஏறியவர் அண்ணனின் தத்துப் பிள்ளை, இரண்டாம் சரபோஜி. மறு ஆண்டே அவருடைய நாட்டையும் ஆங்கிலக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மிஞ்சியது கோட்டையும் உதவித் தொகையும்தான்.

மன்னர் சோர்ந்து உட்காரவில்லை. தன்வந்திரி மகால் என்ற வைத்தியசாலையை ஏற்படுத்தினார். ஆயுர்வேதம், சித்தம், யுனானி, ஆங்கில வைத்தியம் நான்கும் ஒரே இடத்தில்! நோய் தீர்த்த மருந்துகளை எழுதிவைக்கச் செய்தார்.

கண் வைத்தியத்தில் அவருக்குத் தனி ஆர்வம். நோயாளியின் விவரத்தைக் குறித்து, பழுதடைந்த கண்ணை வர்ணத்தில் வரையச் சொன்னார். கேமரா வராத காலம் அது!

1832-ல் சரபோஜி மறைந்தார். அந்தக் கண் படங்கள் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன.