பேட்ரிக் கெடிஸ்: வீடுகளை இடிக்காமல் தெருவை நலமாக்க முயன்றவர்

நோயாளியை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் உங்களிடம், அறையில் காற்றும் வெளிச்சமும் வருகின்றனவா என்று மருத்துவர் வினவியிருக்கலாம். அதே கேள்வியைத் தெருக்களையும் ஊர்களையும் நோக்கி எழுப்பியவர் பேட்ரிக் கெடிஸ் (1854–1932). ஸ்காட்லாந்தில் பிறந்த இவர் ஓர் உயிரியல் அறிஞர். 1879இல் மெக்சிகோவில் பார்வை பாதிக்கப்பட்டுப் பல வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை மீண்டாலும் நுண்ணோக்கியில் நெடுநேரம் பணியாற்ற இயலவில்லை. அவரது கவனம் மனிதர் வாழும் இடங்களின்பால் திரும்பியது.

அக்காலத்தில் எடின்பரோ மாநகரின் பழைய பகுதியில், பல அடுக்குக் கட்டடங்களில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். வசதியுள்ளோர் அங்கிருந்து எப்போதோ வெளியேறிவிட்டனர். 1886இல் திருமணமான கெடிஸும் அவர் மனைவி அன்னாவும் அப்பகுதியின் ஜேம்ஸ் கோர்ட்டிலேயே குடியேறினர். குப்பையை அகற்றிச் சுவர்களுக்கு வெள்ளையடித்துச் சன்னலோரம் செடி வைத்தனர். அயலாரும் சேர்ந்துகொண்டனர். இடிந்து விழும் நிலையிலிருந்த கட்டடங்களை மட்டும் நீக்கி, மற்றவற்றைப் பழுதுபார்த்து, வெற்றிடங்களைத் தோட்டமாக்குவதே அவர் முறையாயிற்று.

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் அவர் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய அதே எம்டன் மூழ்கடித்தது. புதிதாய்த் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியின் நெரிசலைக் குறைக்க, வீடுகளை இடித்து நேரான தெருக்கள் அமைக்கும் திட்டம் அப்போது இருந்தது. கெடிஸ் அதனை ஏற்கவில்லை. வீடிழந்த குடும்பங்கள் எங்கே செல்லும்? அருகிலுள்ள வீடுகளில்தான் புகும். அங்கே நெரிசல் மேலும் பெருகும். காசநோய் காற்றின் வழிப் பரவுவது என்பதை அறிந்த உங்களுக்கு இவ்வாதத்தின் கனம் எளிதில் புரியும். முதலில் நோயறிதல், பின்னரே சிகிச்சை. அதிலும் இயன்றவரை சிறிய அறுவை. அவர் மருத்துவர் அல்லர் என்பதை இங்கு மறந்துவிடத் தோன்றுகிறது.

இரும்பையைப் போல ஏரியும் குளமும் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோர் அவரது மற்றொரு கருத்தையும் அறிய வேண்டும். மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதை அவர் எதிர்த்தார். மீனும் வாத்தும் வளர்த்தால் கொசுப்புழுக்கள் குறையும் என்றார். இன்றும் கிணறுகளில் கம்பூசியா மீன்கள் விடப்படுவது இதனாலேயே. ஆனால் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களுக்கான பெருஞ்செலவை அவர் ஐயத்துடன் நோக்கியதை இன்று அப்படியே ஏற்பதற்கில்லை.

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. மூத்த மகன் பிரான்ஸில் போரில் மாண்டார். சில வாரங்களில் அன்னாவும் கல்கத்தாவில் நோயுற்றுக் காலமானார். அதன்பின்னும் அவர் பணியை நிறுத்தவில்லை. பிளேக் அச்சம் நிலவிய இந்தூரில் அவர் அறிவித்தது ஒரு தீபாவளி ஊர்வலம். எத்தெருக்கள் மிகத் தூய்மையாகின்றனவோ அவற்றின் வழியே ஊர்வலம் செல்லும் என்றதும், மக்கள் தத்தம் வீட்டையும் தெருவையும் துப்புரவாக்கப் போட்டியிட்டனர். வண்டி வண்டியாய்க் குப்பை வெளியேறியது; எலிகளுக்குப் பதுங்கிடமும் குறைந்தது. பிளேக்கைச் சுமந்த தெள்ளுப்பூச்சிகள் எலிகளின் உடலில் வாழ்பவை. ஊர்வலத்தில் எலியின் பேருருவமும் அழுக்கரக்கனும் வந்தன. இறுதியில் அரக்கனைத் தீயிலிட்டனர். வீடுகளில் நட்டு வளர்க்கத் துளசிச் செடிகள் வழங்கப்பட்டன.