கார்கில் போர் விமானத்தில் கையடக்க ஜி.பி.எஸ்... 200 வருஷத்துக்கு முன்பே பூமியை அளந்த வில்லியம் லாம்ப்டன் யார்?

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் கோட்டையின் உச்சிக்கு ஏறி, செல்போனில் ஜி.பி.எஸ்ஸைப் பார்த்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். அதே எண்களை வைத்து, புதுக்கோட்டை வட்டாரத்துக்கான '58 ஜே' வரிசை பழைய சர்வே வரைபடத்தில் புள்ளி வைத்தால், அது கோட்டை மேல விழாது. நூறு மீட்டருக்கும் மேல தள்ளி விழும். போன்லயும் தப்பில்லை, வரைபடத்துலயும் தப்பில்லை. பூமியின் வடிவத்துக்கு இரண்டும் வேறு வேறு கணக்கை வைத்திருக்கின்றன. அவ்வளவுதான்.

சுற்றுலா போனவருக்கு இது பெரிய விஷயமில்லை. போர் விமானத்தில் இருப்பவருக்கு?

கார்கிலில் என்ன நடந்தது?

1999 மே 26-ல் இந்திய விமானப்படை கார்கிலில் தாக்குதலைத் தொடங்கியது. மிக்-21 போன்ற பழைய விமானங்களில் நவீன வழிகாட்டும் கருவிகள் கிடையாது. அதனால் சில பைலட்டுகள், பொதுமக்கள் பயன்படுத்தும் ஜி.பி.எஸ் கருவியையும் ஸ்டாப்வாட்ச்சையும் காக்பிட்டில் வைத்துக்கொண்டே இரவுக் குண்டுவீச்சுக்குப் போனார்கள்.

அதில் இரண்டு சிக்கல். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ் சிக்னலில் அமெரிக்கா அப்போது வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. இடம் சுமார் 100 மீட்டர் வரை மாறிக் காட்டலாம். 2000 மே மாதம்தான் இதை நிறுத்தினார்கள். இரண்டாவது, பழைய வரைபடத்தில் எடுத்த எண்ணை மாற்றிக் கணக்கிடாமல் கருவியில் போட்டால், அதுவே தனியாக நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் தரும். மலை முகட்டுப் பதுங்குகுழிக்கு நூறு மீட்டர் தள்ளி என்றால், அது மலையின் மறுபக்கமாகவே இருக்கலாம். நம்ம ராணுவத்தினர் ஏறிக்கொண்டிருக்கும் சரிவாகவும் இருக்கலாம்.

அந்தப் பழைய வரைபடக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்தான் வில்லியம் லாம்ப்டன்.

யார் இந்த லாம்ப்டன்?

1753 வாக்கில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து, அமெரிக்க சுதந்திரப் போரில் 1781-ல் யார்க்டவுனில் கைதியானார். பிறகு கனடாவில் படைமுகாம் அதிகாரி வேலை. பத்து வருஷத்துக்கு மேல் பெரிய பதவி உயர்வு இல்லை. அந்தக் காலத்தில்தான் கணிதமும் புவியளவையியலும் தானாகவே படித்துத் தேர்ந்தார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகே இந்தியா வந்தார்.

1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணப் போர். ஓர் இரவு ஜெனரல் பெயர்டின் படை முகாமுக்குத் திரும்பும் வழியில், லாம்ப்டன் வானத்தைப் பார்த்தார். சப்தரிஷி மண்டலம் இருந்த நிலையை வைத்து, படை தெற்கே போகாமல் வடக்கே, எதிரியின் பக்கமே நடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். போர்க்களத்தில் திசை தவறுவது எவ்வளவு ஆபத்து என்பதை அவர் நேரிலேயே பார்த்தவர்.

12 கிலோமீட்டர்... 57 நாள்!

போர் முடிந்ததும் தென்னிந்தியாவைத் துல்லியமாக அளக்க அனுமதி கேட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக பல்லக்குத் தூக்கிகளுக்கே வழி தெரியுமே, இதுக்கு எதுக்கு அளவை என்று மெட்ராஸ் அதிகாரி ஒருவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. ஆனால் லாம்ப்டன் தேடியது வழியை மட்டுமல்ல, பூமியின் வடிவத்தையும்தான்.

1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் நேர்கோட்டை அளக்க 57 நாள் ஆனது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒரு பக்க நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அப்புறம் அதற்கடுத்தது.

தஞ்சை கோயிலில் நடந்த விபத்து

கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை சுமார் அரை டன். லண்டனிலிருந்து வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றி மொரீஷியஸ் கொண்டுபோனார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள்.

சோழநாட்டுச் சமவெளியில் மலைகள் இல்லை. அதனால் கோயில் கோபுரங்களே அளவை மேடைகளாயின. 1808-ல் தஞ்சை பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. புதிது வாங்கி வர பல மாதங்கள் ஆகும். லாம்ப்டன் சுமார் ஆறு வாரம் உட்கார்ந்து, நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வேலை தொடர்ந்தது.

1815-க்குள் கிருஷ்ணா நதிக்குத் தெற்கே ஏறக்குறைய முழுப் பகுதியையும் அந்த முக்கோண வலை மூடிவிட்டது. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானமும் இந்தப் பரப்புக்குள்தான் இருந்தது.

எவரெஸ்ட் கணக்கு, ஜி.பி.எஸ் கணக்கு

1823 ஜனவரி 20-ல், எழுபது வயதை ஒட்டி, இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் அளவைப் பயணத்திலேயே லாம்ப்டன் இறந்தார். அவர் உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். இந்த அளவுகளைப் பயன்படுத்தி 1830-ல் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார். நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் அதில் சுமார் 6,377.3 கிலோமீட்டர். ஜி.பி.எஸ் பயன்படுத்தும் 'டபிள்யூ.ஜி.எஸ்-84' முறையில் 6,378.1 கிலோமீட்டர். வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு கணக்கிலும் பூமியின் மையப்புள்ளியும் ஒன்றல்ல. திருமயத்தில் புள்ளி தள்ளி விழுவது இந்த இரண்டாலும்தான்.

உலகின் உயரமான சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் கிடைத்தது. அடித்தளம் போட்ட லாம்ப்டனின் பெயர் பலருக்கும் தெரியாது.

இப்போது நிலை என்ன?

2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கைப்படி, பொதுமக்களுக்கான வரைபடங்கள் ஜி.பி.எஸ் பயன்படுத்தும் அதே முறைக்கு மாறின. இந்தியா சொந்தமாக 'நாவிக்' செயற்கைக்கோள் அமைப்பை உருவாக்கி, 2013-ல் முதல் செயற்கைக்கோளை அனுப்பியது. கருவிகள் மாறிவிட்டன. ஆனால் பைலட்டோ சர்வேயரோ, ஓர் எண்ணை நம்புவதற்கு முன்னால் அது எந்த பூமிக் கணக்கில் எடுத்தது என்று இன்னைக்கும் பார்த்தே ஆகணும்.