கதைத் தலைவனும் கதாசிரியனும்: புதுமைப்பித்தன் வாழ்வு காட்டும் நெறி

எழுதத் தொடங்கும் இளைஞன் தன் முதற் கதைக்குத் தலைவனைத் தேடி நெடுந்தூரம் செல்வதில்லை. கண்ணாடியின் முன் நின்றாலே அவனுக்குத் தலைவன் கிடைத்துவிடுகிறான். பெயரை மாற்றி, தனக்கு வாய்க்காத துணிவையும் நாவன்மையையும் அவனுக்கு அளித்து, தன்னை மதியாதோர் அனைவரையும் இறுதிப் பக்கத்தில் அவன்முன் தலைகுனிந்து நிற்கச் செய்துவிடுகிறான். கொட்டகலையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்துவரும் யான், தமிழ்மொழித் தினப் போட்டிக்கென மாணவர் எழுதித் தரும் சிறுகதைகளில் இத்தலைவனைச் சந்திக்காத ஆண்டு இல்லை. லயத்துக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிற் பயின்று, வைத்தியனாகவோ கவிஞனாகவோ உயர்ந்து, ஊரார் வியக்கத் திரும்பி வருகிறான் அவன். அவன் தாய் கொழுந்து பறிப்பவள். ஆனால் அவள் கதையில் வருவது இரண்டே இடங்களில்தான்: தொடக்கத்தில் இருமுவதற்கும், முடிவில் ஆனந்தக் கண்ணீர் வடிப்பதற்கும்.

இதனைக் குற்றமென்று யான் கடிவதில்லை. எங்கள் மலைநாட்டில் ஒரு பிள்ளை 'நான்' என்று எழுதத் துணிவதே ஒரு பேறு. எங்கள் முன்னோர் கங்காணியின் கணக்கில் ஆளாகவும், தோட்டத்துச் செக்ரோலில் பெயராகவும் பதியப்பெற்றனர். அவர்தம் நெஞ்சில் இருந்ததைப் பதிந்துவைத்த ஏடுகள் மிகச் சிலவே. ஆகவே அந்த முதல் 'நான்' வாழ்க. ஆயினும் எழுத்து அங்கேயே நின்றுவிடுமாயின், அந்தத் தாய் இருமிக்கொண்டே இருப்பாள். அவள் கதை எழுதப்படாமலே போகும். தன்னைக் கடப்பது எங்ஙனம் என்பதனை விதிகூறி விளக்குவதினும், கடந்து காட்டிய ஒருவரின் வாழ்வைக் கூறி விளக்குதல் நன்று. அதற்கு யான் தேர்ந்துகொண்டவர் புதுமைப்பித்தன் என்று தமிழுலகம் அறிந்த சொ. விருத்தாசலம் ஆவார்.

இளமை

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் அவர் பிறந்தார். குடும்பம் திருநெல்வேலியைச் சார்ந்தது. தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்கத்தில் தாசில்தாராகப் பணியாற்றியவர். உத்தியோக மாற்றங்களால் குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. எட்டாம் வயதளவில் அன்னை மறைந்தார். வீட்டிற்கு மாற்றாந்தாய் வந்தார். 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்கே திரும்பியது. அங்கு இந்துக் கல்லூரியிற் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றபோது அவருக்கு அகவை இருபத்தைந்து. மகன் அரசாங்க உத்தியோகத்தில் அமர்தல் வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். மகனுக்கோ நூல்களிலும் எழுத்திலுமே நாட்டம். 1932இல் திருவனந்தபுரத்துக் கமலா அம்மையாரை மணந்தார். வீட்டிலே மன வேற்றுமை முற்றியது. எழுத்தையே நம்பிச் சென்னைக்குப் புறப்பட்டார்.

இவ்வளவும் ஓர் இளைஞன் தன்னைத் தானே இரங்கி எழுதுதற்கு ஏற்ற சரக்கு அன்றோ? தாயில்லாப் பிள்ளை, கடிந்த தந்தை, அன்பில்லா வீடு, அறியப்படாத மேதை என்று ஓராயிரம் பக்கம் எழுதலாம். படிப்பவர் கண்ணீரும் வடிப்பர். அவர் செய்தது வேறு. 1933இல் 'காந்தி' இதழில் அச்சேறிய அவரது முதல் எழுத்து 'குலோப்ஜான் காதல்' என்னும் நகைச்சுவைக் கட்டுரை. காதல் என்று இளைஞர் உருகும் இடத்திலே அவர் இனிப்புப் பண்டத்தை எடுத்து வைத்தார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் ஆற்றல் அவருக்குத் தொடக்கத்திலேயே வாய்த்திருந்தது.

பாரதியார் விட்ட இடம்

இவ்வகையில் அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. பாரதியார் 1913இல் சுப்பிரமணிய சிவாவின் 'ஞானபாநு' இதழில் 'சின்னச் சங்கரன் கதை'யை எழுதினார். எட்டயபுரத்து ஜமீனில் பிள்ளைப் பருவத்திலேயே கவியெனப் பாராட்டப்பெற்றவர் அவர். அந்தப் பிள்ளைக் கவியையும், அவனைப் புகழ்ந்த சபையையும், ஜமீன்தாரையும் ஒருங்கே நகையாடினார். தம்மைக் கதையில் வைத்தார். ஆனால் முடிசூட்டி வைக்கவில்லை. தம் இறுதி ஆண்டுகளில் 'சந்திரிகையின் கதை'யை எழுதியபோது அவர் தம்மை விட்டு நெடுந்தூரம் வந்திருந்தார். அங்கே நடுநாயகமாக நிற்பவர்கள் விசாலாட்சி என்னும் இளம் விதவையும், அவள் வளர்க்கும் குழந்தை சந்திரிகையும் ஆவர். அக்கதை முற்றுப்பெறுமுன் 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அதிலே ஒரு கிளைக்கதையாக வரும் கோபாலையங்கார், குலவேறுபாடு பாராது பணிப்பெண் மீனாட்சியை மணக்கிறார். அந்த இல்லறம் பின்னர் என்னவாயிற்று என்பதனை, 1934இல் 'கோபாலையங்காரின் மனைவி' என்னும் கதையாகப் புதுமைப்பித்தன் எழுதினார். ஓர் இளைஞர் தம் கதையைக் கூறாது, முன்னவர் படைத்த மாந்தரின் மனத்துள் நுழைந்து பார்த்தல் சிறந்த பயிற்சியாகும். பாரதியாரின் நம்பிக்கையை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவுமில்லை. திருமணத்திற்குப் பின் அன்றாட வாழ்வு என்ன செய்யும் என்று வினவினார். பிறர் உள்ளத்துள் நுழைபவனுக்கே இத்தகைய வினா தோன்றும்.

பொன்னகரமும் துன்பக்கேணியும்

சென்னையில் 'மணிக்கொடி' அவருக்குக் களமாயிற்று. 1934இல் வெளிவந்த 'பொன்னகர'த்தில், அடிபட்டுக் கிடக்கும் குதிரைவண்டிக்காரனின் மனைவி அம்மாளு, கணவனுக்குப் பால்கஞ்சி காய்ச்சுதற்குக் காசில்லாமல் தன்னையே விற்க நேர்கிறது. எழுதியவர் பட்டதாரி, சைவ வேளாளர் குடியில் பிறந்தவர், நகருக்குப் புதியவர். அவரைப் போன்ற இளைஞன் ஒருவன் அக்கதையில் வந்து அம்மாளுவைக் காப்பாற்றியிருக்கலாம். இளம் எழுத்தாளர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மர் அங்ஙனமே எழுதியிருப்பர். அவர் காப்பாற்றவில்லை. கற்பைப் பற்றிப் பேசும் நம்மைத் தலைகுனியச் செய்வதோடு ஒதுங்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, 1935இல், எழுதிய 'துன்பக்கேணி' எங்களுக்கு உரிய கதை. திருநெல்வேலிச் சீமைச் சிற்றூரொன்றில் வெள்ளையன் என்னும் கூலியாளின் மனைவி மருதி. வறுமையும் பண்ணையாரின் வல்லமையும் அவளை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குத் துரத்துகின்றன. தோட்டத்திலே அதிகாரம் உடையோரின் இச்சைக்கு இரையாகி, நோயுற்று, அவள் உருக்குலைகிறாள். அவள் மகள் வெள்ளைச்சியையும் அத்துன்பத்தின் நிழல் தொடர்கிறது.

புதுமைப்பித்தன் இந்நாட்டுக்கு வந்தவரல்லர். ஆயினும் தூத்துக்குடித் துறையும் மண்டபம் முகாமும் கடந்து இத்தீவுக்கு ஆட்கள் புறப்பட்டுச் சென்ற காலத்தில் அவர் வளர்ந்தார். போனவரைப் பற்றியும் திரும்பியவரைப் பற்றியும் திருநெல்வேலிச் சீமையிலே பேச்சு உலவிய காலம் அது. மலையக வாசகன் அக்கதையிலே குறை காணலாம். பிரட்டுக் களத்தின் விடியற்பனியும், இடுப்பிற் கட்டிய படங்கும், கவ்வாத்து மலையின் கரடும் எங்கள் நினைவில் உள்ளவாறு அங்கே இல்லை. பார்த்தவன் எழுத்துக்கும் கேட்டவன் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு அது. ஆனால் மருதியை அவர் பார்த்தார். கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர், தாம் வாழாத ஒரு வாழ்வினுள், தமக்கென ஓர் இருக்கை போட்டுக்கொள்ளாமல் நுழைந்தார். எங்கள் லயத்துப் பிள்ளையோ, அதே லயத்தில் பிறந்திருந்தும், தன் தாயை இரண்டு வரியில் முடித்துவிடுகிறான். அண்மையில் இருப்பதனால் மட்டும் பார்வை வந்துவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இலங்கை அவர் எழுத்தில் மற்றொரு முகத்தோடும் தோன்றுகிறது. 1937இல் எழுதிய 'மனித யந்திர'த்தில், கடைக் கணக்கெழுதியே முதுமை எய்திய மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஓரிரவு கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிட எண்ணுகிறார். ரயில்வரை சென்று திரும்பியும் விடுகிறார். அவருக்குக் கொழும்பு செல்வம் கொழிக்கும் கனவு; மருதிக்கு இத்தீவு வற்றாத கேணி. ஒரே நாட்டை இருவர் கண்களால் இருவிதமாகக் காண ஓர் எழுத்தாளரால் இயன்றதென்றால், அவர் தம் கண்ணை மட்டும் நம்பி இருக்கவில்லை என்பது பொருள்.

தம்மைக் கதையில் வைத்த விதம்

அப்படியாயின் அவர் தம்மைப் பற்றி எழுதவே இல்லையா? எழுதினார்; நிரம்பவே எழுதினார். 1937இல் வந்த 'ஒரு நாள் கழிந்தது' கதையின் முருகதாசர், சென்னை ஒண்டுக்குடித்தன வீட்டில் மனைவி மகளோடு வாழும் எழுத்தாளர். பெரிய நாவல் எழுதும் ஆசையுடையவர். விளம்பர வாசகம் எழுதிப் பிழைப்பவர். வீட்டிற்கு வந்த நண்பர்களோடு இலக்கியம் பேசுகிறார். பின்னர் கடன் கேட்கிறார். அந்நாளில் 'தினமணி'யிற் பணியாற்றிய புதுமைப்பித்தனின் நிலையும் அதனினும் பெரிதும் வேறானதன்று. ஆயினும் முருகதாசர் வீரருமல்லர், தியாகியுமல்லர். அவர் கூச்சத்தையும் சிறு பொய்யையும் ஆசிரியர் மறைக்கவில்லை. 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், பத்திரிகை நடத்தும் பிள்ளையவர்கள் நேரில் வந்த கடவுளிடமே சந்தா கேட்டுவிடுகிறார். அப்பெயரையே ஒட்டிக் கந்தசாமிக் கவிராயர் என்னும் புனைபெயரிலும் ஆசிரியர் கவிதை எழுதினார் என்பது நினைக்கத்தக்கது.

ஆகவே, தன்னைக் கதையில் வைப்பது பிழையன்று. தன்னை வைத்துவிட்டு அவன் பக்கமே சாய்ந்து நிற்பதுதான் பிழை. எதிர்வீட்டுக்காரனை அளக்கும் கோலால் தன்னையும் அளந்தால், அந்த 'நான்' மற்றொரு மனிதனாகிவிடுகிறான்; கதைக்கும் தகுதி பெறுகிறான். புதுமைப்பித்தனும் இதில் எப்போதும் வென்றவரல்லர். அவரது எள்ளற் குரல் சில கதைகளில் மாந்தரை மீறி ஒலித்து, ஆசிரியரை முன்னால் நிறுத்திவிடும். தன்னைக் கடத்தல் ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று. ஒவ்வொரு கதையிலும் புதிதாகச் செய்யவேண்டியது.

அதே 1943இல் எழுதிய 'செல்லம்மாள்' அவர் எய்திய உயரம். துணிக்கடைச் சிப்பந்தியாகிய பிரமநாயகம் பிள்ளை, ஊரை விட்டு வந்த நகரில், நோயுற்ற மனைவிக்குச் சமைத்தும் மருந்திட்டும் இரவெல்லாம் காத்திருந்தும், இறுதியில் அவளை இழக்கிறார். திருநெல்வேலியை விட்டு வந்த ஏக்கமும், வறுமையும், துணைவியின்மீது கொண்ட பரிவும் ஆசிரியரின் சொந்த உடைமைகளே. அவற்றைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளாமல் ஒரு துணிக்கடைச் சிப்பந்திக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கொடுத்தபின் அவை எல்லார்க்கும் உரியவையாயின.

முடிவும் பயனும்

பத்திரிகைப் பணியை விட்டுத் திரைப்படத் துறைக்குச் சென்ற அவருக்கு அங்கும் பொருள் நிலைக்கவில்லை. சொந்தமாகத் தொடங்கிய படக் கம்பெனி கைகூடவில்லை. 'ராஜமுக்தி' படத்திற்கு எழுதப் புனா சென்ற இடத்தில் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30ஆம் நாள், நாற்பத்திரண்டாம் வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார். பதினைந்து ஆண்டுகளில் அவர் எழுதியவை ஏறத்தாழ நூறு கதைகள். அவ்வாண்டு இறுதிக்குள் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மருதியின் மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. துன்பக்கேணி வற்றவில்லை என்பதனைக் காண அவர் இருக்கவில்லை.

தமிழ் மரபுக்கு இந்நெறி புதிதன்று. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியர் விதித்தார். சங்கப் புலவர் தம் காதலையும் பிரிவையும் தலைவி கூற்றாகவும், தோழி கூற்றாகவும், மகளைப் பிரிந்த தாயின் கூற்றாகவும் பாடினர். ஆண்மகன் ஒருவன் பெண்ணின் நெஞ்சிலிருந்து பேசப் பழகினான். பண்டிதர் பலர் புதுமைப்பித்தனைப் பழித்த காலம் ஒன்று இருந்தது. அவரோ, அறிந்தோ அறியாமலோ, அகப்பாட்டின் அறத்தையே உரைநடையிற் செய்துகொண்டிருந்தார் என்பது என் துணிபு.

எழுதப் புகும் மலைநாட்டு இளைஞர்க்கு யான் கூறுவது இதுவே. முதற் கதையில் நீங்களே தலைவராக இருங்கள். அந்த உரிமையை எவரும் பறிக்கலாகாது. இரண்டாவது கதையில் உங்களைப் பார்த்துச் சிறிது சிரியுங்கள். மூன்றாவது கதையை உங்கள் தாய்க்கு விட்டுக்கொடுங்கள். அவள் எத்தனை மணிக்கு எழுகிறாள், மலையேறும்போது யாரோடு என்ன பேசுகிறாள், நிறுவையிற் குறைத்தபோது என்ன எண்ணினாள், நீங்கள் உறங்கியபின் எதற்காக விழித்திருந்தாள் என்று கேட்டறிந்து எழுதுங்கள். அக்கதையில் நீங்கள் இரண்டு இடங்களில் மட்டும் வந்தாற் போதும்.