இருநூறு ரூபாய் அபராதம்

உலகத்திலேயே உயர்ந்த சிகரம் எது என்று எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் எவரெஸ்ட் என்று பட்டென்று பதில் வரும். அது ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்பதும் பலருக்குத் தெரியும். அந்தத் துரையின் இலாகாவில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்குப் போட வந்த வங்காளி வாலிபன் யார் என்று கேட்டால், படித்தவர்களே யோசிக்கிறார்கள். அவர் பெயர் ராதாநாத் சிக்தார். மலையை அளந்த கதையையும் நாம் சொல்லத்தான் போகிறோம். ஆனால் அதைவிடப் பெரிதாக நமக்குப் படுவது, 1843ல் அவர் மீது விழுந்த ஓர் அபராதம்.

ராதாநாத் 1813ல் கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் பிறந்தவர். தந்தை பெயர் தித்துராம். வசதியான குடும்பம் அல்ல. 1824ல் இந்துக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரியில் அப்போது டெரோசியோ என்றொரு ஆசிரியர் இருந்தார். பதினேழு வயதிலேயே ஆசிரியரானவர். மாணவர்களைவிடச் சில வயதே மூத்தவர். பழைய சாத்திரம் சொல்கிறது என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதே, கேள்வி கேள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். சனாதனிகள் பொறுப்பார்களா? 1831ல் அவரை வேலையிலிருந்து விரட்டினார்கள். அதே ஆண்டின் இறுதியில் இருபத்திரண்டு வயதில் அவர் மாண்டார். ஆனால் அவர் வளர்த்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ராதாநாத்.

கணிதத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் டைட்லர் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர். நியூட்டன் எழுதிய பெரு நூலை அவரிடம் பாடம் கேட்ட முதல் இந்திய மாணவர்களில் ராதாநாத்தும் ஒருவர்.

அந்த நாளில் கம்பெனி சர்க்கார் இந்த நாடு முழுவதையும் அளந்துகொண்டிருந்தது. ஆள வேண்டும், வரி வாங்க வேண்டும், படை நடத்த வேண்டும் என்றால் நிலப்படம் வேண்டுமல்லவா? அந்தப் பெருவேலை தொடங்கியது நம் சென்னையில்தான். 1802ல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அதை ஒரு பக்கமாக வைத்து, தூரத்தில் தெரியும் ஒரு குன்றையோ கோபுரத்தையோ மூன்றாவது முனையாகக் கொண்டு, இரு கோணங்களைக் கருவியால் பார்த்தால் போதும். மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். பிறகு அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று வலை பின்னுவதுபோல் முக்கோணங்கள் வடக்கே ஏறிப் போயின.

கேட்க எளிது. லாம்டனின் தியோடலைட் என்ற கோணக் கருவி மட்டும் அரை டன் எடை. அதைக் காட்டிலும் மேட்டிலும் தோளில் தூக்கிச் சென்றவர்கள் துரைமார் அல்லர் என்பதைத் தோழர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. காட்டுக் காய்ச்சலில் விழுந்தவர்கள் பலர். அவர்களுடைய பெயர்களை எந்தப் புத்தகமும் வரிசையாகச் சொல்வதில்லை.

லாம்டனுக்குப் பிறகு அந்த வேலையை ஏற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். கோள வடிவான பூமியின் மேல் வரைந்த முக்கோணத்துக்குத் தாளில் வரையும் முக்கோணத்தின் கணக்குச் சரிப்படாது. அதற்கென்று உள்ள கணிதம் தெரிந்த இளைஞன் வேண்டும் என்று எவரெஸ்ட் கேட்டார். டைட்லர் ராதாநாத்தைக் காட்டினார். 1831 டிசம்பரில், பதினெட்டு வயதில், ராதாநாத் வேலையில் சேர்ந்தார். உத்தியோகத்தின் பெயர் என்ன தெரியுமா? கம்ப்யூட்டர்! இன்று மேசை மேல் இருக்கும் யந்திரத்தின் பெயர் அன்று கணக்குப் போடும் ஆளின் பெயர்.

டேராடூனுக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே 1834-35ல் அடிக்கோடு அளந்த வேலையிலும் அவர் இருந்தார். எவரெஸ்ட் அவருடைய திறமையை மறைக்கவில்லை. இந்தியாவில் மட்டுமல்ல, ஐரோப்பாவிலும் இவருக்கு ஈடு சொல்லக்கூடியவர் சிலரே என்கிற அளவுக்குப் பாராட்டினார். மகனின் மதிப்பை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்கிற பொருள்பட ராதாநாத்தின் தந்தைக்கும் எழுதினார். பாராட்டு ஒரு பக்கம். வேறு உத்தியோகத்துக்குப் போக ராதாநாத் முயன்றபோது விடமாட்டேன் என்று தடுத்தவரும் அதே எவரெஸ்ட்தான். நல்ல வேலைக்காரனைப் புகழ்வதும் அவனைக் கட்டிப் போடுவதும் ஒரே முதலாளியின் இரண்டு கைகள் என்று நம் தோழர்கள் ஆலைவாசலில் கண்டிருப்பார்கள்.

இப்போது அபராதத்துக்கு வருவோம்.

1843. எவரெஸ்ட் ஓய்வு பெற்றுச் சென்ற ஆண்டு. டேராடூனில் வான்சிட்டார்ட் என்றொரு மாஜிஸ்திரேட். சர்வே இலாகாவின் மலையாட்களைப் பிடித்துத் தன் சொந்த மூட்டை முடிச்சுகளைச் சுமக்க வைத்தார். கூலி கிடையாது. வெட்டி வேலை, அவ்வளவுதான். அந்தக் காலத்து அதிகாரிக்கு இது ஒரு விஷயமே அல்ல. நேற்றும் செய்தார்கள், நாளையும் செய்வார்கள். ராதாநாத் பார்த்தார். துரையின் சாமான்களைத் தடுத்து நிறுத்தி வைத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட்டோடு நேருக்கு நேர் வாதாடினார். வழக்கு வந்தது. நீதி யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இருநூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள்.

இருநூறு ரூபாய் என்றால் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய சம்பளத்தில் ஆறரை மாதச் சம்பளத்துக்கும் மேல். அந்தச் செய்தி கல்கத்தாவில் ராம்கோபால் கோஷ் முதலான அவருடைய கல்லூரி நண்பர்கள் நடத்திய பெங்கால் ஸ்பெக்டேட்டர் பத்திரிகையில் விரிவாக வெளிவந்தது. காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது இது! தொழிற்சங்கம் என்ற சொல்லே இந்த மண்ணில் கேட்டிராத காலம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எண் எழுதும் ஒருவர், மூட்டை தூக்குகிறவனும் தன் இலாகாவின் ஆள் என்று நினைத்தாரே, அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? டெரோசியோவின் வகுப்பிலிருந்துதான் என்று நாம் எண்ணுகிறோம்.

1849ல் அவர் தலைமைக் கணக்கராகக் கல்கத்தாவுக்கு வந்தார். அதே ஆண்டில்தான் பீகார்ச் சமவெளியில் ஆறு இடங்களிலிருந்து, நூறு மைலுக்கும் அப்பால் தெரிந்த ஒரு சிகரத்தின் கோணங்களைச் சர்வே இலாகாவினர் பார்த்துக் குறித்தார்கள். அதற்குப் பதினைந்தாம் சிகரம் என்று எண் மட்டுமே இருந்தது. அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவு மலையின் அடியை மறைக்கும். இடையிலுள்ள காற்று ஒளிக்கதிரை வளைத்து மலையை உள்ளதைவிட உயரமாகக் காட்டும். இந்த இரண்டுக்கும் திருத்தம் செய்தால்தான் உண்மை உயரம். ஆண்டுக்கணக்கில் அந்தக் கணக்கு நடந்தது. 1856ல் அறிவித்த உயரம் 29,002 அடி. 2020ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர், அதாவது சுமார் 29,032 அடி. பென்சிலும் தாளும் வைத்துப் போட்ட கணக்கில் வித்தியாசம் முப்பது அடி!

உலகத்தின் உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ராதாநாத் தலைமை அதிகாரி வாவின் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னதாக ஒரு கதை உண்டு. பல புத்தகங்களில் இருக்கிறது. நாம் அதைத் திரும்பச் சொல்ல மாட்டோம். அவர் அப்போது கல்கத்தாவில் இருந்தார். கணக்கின் ஒரு பகுதி டேராடூனில் வேறு கணக்கர்களால் நடந்தது. அவருடைய பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே வேறுபாடு இருக்கிறது. பல கைகள் செய்த வேலையை ஒருவர் தலையில் கிரீடமாக வைப்பது துரைமார் வழக்கம். அந்த வழக்கத்தை நாமும் பின்பற்ற வேண்டாம். 1865ல் சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் நிலைத்தது. எவரெஸ்டே அதற்கு முன்பு அந்த யோசனையை விரும்பவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

மலை ஒருபுறம் இருக்கட்டும். 1852ல் கல்கத்தா வானிலை ஆய்வகத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. வெப்பத்தில் பாதரசமும் விரியும், அளவுகோலும் விரியும். ஆகவே காற்றழுத்தமானி காட்டும் எண்ணைத் திருத்தித்தான் கொள்ள வேண்டும். அதற்கு அவர் தாமே ஒரு சூத்திரம் வகுத்து வெளியிட்டார். 1854ல் பியாரி சந்த் மித்ராவோடு சேர்ந்து மாசிக் பத்ரிகா என்ற வங்காளி மாத இதழைத் தொடங்கினார். பண்டிதர் நடையை ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருக்கும் பெண்கள் படித்துப் புரிந்துகொள்ளும் பேச்சு நடையில் எழுதினார்கள். 1862ல் ஓய்வு பெற்ற பிறகு கல்லூரியில் கணிதம் கற்பித்தார். 1870 மே 17 அன்று, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்தன்நகரில் காலமானார்.

இன்னும் ஒன்று நடந்தது. 1851ல் சர்வே இலாகாவுக்கென்று ஒரு கையேடு வெளியாயிற்று. தொகுத்தவர்கள் துய்லியர், ஸ்மித் என்ற இரு ராணுவ அதிகாரிகள். அதில் கணிதமும் வானநூலும் மிகுந்த கடினமான பகுதிகளுக்கு ராதாநாத் சிக்தாருக்கே கடமைப்பட்டிருப்பதாக முன்னுரையில் அவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1875ல் மூன்றாம் பதிப்பு வந்தது. அவர் எழுதிய பகுதிகள் இருந்தன. முன்னுரையில் அவர் பெயர் இல்லை! செத்தவனிடம் அடித்த கொள்ளை இது என்று மறு ஆண்டு கண்டித்து எழுதியது பிரண்ட் ஆப் இந்தியா பத்திரிகை. அதுவும் வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைதான்.

2004ல் இந்திய அரசு வெளியிட்ட ஒரு தபால்தலையில் ராதாநாத்தின் முகம் வந்தது. பக்கத்தில் திபெத்தை வேடமிட்டு நடந்தே அளந்த நயின் சிங்கின் முகம். டேராடூனில் மூட்டை சுமந்த அந்த மலையாட்களின் பெயர் இன்றுவரை எங்கும் கிடைக்கவில்லை.