நூல் சுற்றிய சிறுவனும் நூல் நிலையமும்

சனிக்கிழமைப் பிற்பகல். அமெரிக்க நாட்டின் அலிகேனி நகரம். ஒரு செல்வர் வீட்டு வாசலில் சிறுவர்கள் கூடி நிற்கிறார்கள். கையிலே கரி, சட்டையிலே எண்ணெய்க் கறை, வாரமெல்லாம் உழைத்து அலுத்த உடம்பு. கூலி கேட்க வந்தவர்களா? இல்லை. கூழ் கேட்க வந்தவர்களா? அதுவும் இல்லை. புத்தகம் கேட்டு வந்தவர்கள்!

அந்த வீட்டுக்கு உரியவர் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன். அவரிடம் இருந்தவை ஏறக்குறைய 400 நூல்கள். அவற்றை அலமாரியிலே பூட்டி வைத்து அழகு பார்த்திருக்கலாம். பணம் படைத்தோர் பலரும் செய்கிற காரியம்தான் அது. ஆண்டர்சன் கதவைத் திறந்தார். உழைக்கும் சிறுவர்களே, வாரம் ஒரு நூலை எடுத்துச் செல்லுங்கள், அடுத்த சனிக்கிழமை அதைத் தந்துவிட்டு வேறொன்று பெற்றுச் செல்லுங்கள் என்றார்.

அந்தக் கூட்டத்திலே நின்ற ஒரு சிறுவனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். பின்னாளில் உலகத்தின் பெருஞ்செல்வர்களிலே ஒருவனாக உயர்ந்தவன் அவன். இரும்பு மன்னர் என்று ஏடுகள் எழுதிய ஆண்ட்ரூ கார்னெகி!

1835-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், ஸ்காத்லாந்து நாட்டின் டன்ஃபர்ம்லின் நகரிலே பிறந்தான். தந்தை கைத்தறி நெசவாளர். ஊராருக்கு உடை நெய்தவர் வீட்டிலே வறுமை குடிபுகுந்தது. நீராவித் தறி வந்தது. கைத்தறி ஓசை அடங்கியது. ஆனால் அந்த நெசவாளர்களிடம் ஒரு பெரும் பழக்கம் இருந்தது. தங்களிடம் இருந்த நூல்களை ஒன்று சேர்த்து, மாறி மாறிப் படித்தார்கள். அப்படி நூல் சேர்த்தவர்களில் தன் தந்தையும் ஒருவர் என்பதைக் கார்னெகி வாழ்நாள் முழுதும் பெருமையோடு சொல்லிக் கொண்டார்.

1848. கடன் வாங்கிக் கப்பலேறியது குடும்பம். அமெரிக்கா சென்றால் பொன் கொட்டிக் கிடக்குமா? பஞ்சாலைதான் காத்துக் கிடந்தது! பள்ளி செல்ல வேண்டிய வயதில் பாபின் கட்டைகளைச் சுமந்தான் பையன். இருட்டில் எழுந்து போவான்; இருட்டிய பிறகு திரும்புவான். வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். அடுத்து நிலவறையிலே நீராவி எந்திரத்தைக் காக்கும் வேலை. அதற்கும் அடுத்து, தந்தி அலுவலகத்திலே சேதி கொண்டு ஓடும் வேலை. வாரம் இரண்டரை டாலர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீடு திரும்பும்போது இரவு 11 மணி ஆகிவிடும். பஞ்சாலையிலே நூலைச் சுமந்தவனுக்குப் படிக்கும் நூல் மட்டும் எட்டவில்லை. அந்த நேரத்தில்தான் ஆண்டர்சன் வீட்டுக் கதவு திறந்தது. மெக்காலேயின் கட்டுரைகளும், பான்கிராஃப்ட் எழுதிய அமெரிக்க வரலாறும் தந்திப் பையனின் சட்டைக்குள் குடியேறின.

நன்றாகத்தானே நடக்கிறது என்று நினைக்கிறோம். வந்தது ஒரு தடை! ஆண்டர்சனின் நூல்கள் பெருகி ஒரு நூல் நிலையமாக வளர்ந்தபோது, நிர்வாகத்தினர் ஒரு விதி செய்தனர். தொழில் பழகும் சிறுவர்களுக்கு மட்டுமே இலவசம். மற்றவர்கள் ஆண்டுக்கு 2 டாலர் கட்ட வேண்டும். சம்மட்டி பிடிப்பவன் உழைப்பாளி. தந்தி சுமந்து ஓடுபவன் உழைப்பாளி அல்லவாம்!

கார்னெகிக்கு அப்போது வயது 17. பெரிய இடத்து மனிதர்களைப் பிடித்தானா? காலில் விழுந்தானா? பேனாவை எடுத்தான். 1853-இல் பிட்ஸ்பர்க் டிஸ்பாட்ச் என்ற நாளேட்டுக்கு ஒரு கடிதம் தீட்டினான். உழைக்கும் சிறுவன் ஒருவன் என்றுதான் கையொப்பம் இட்டான். நிலையத்தார் மறுப்பு எழுதினார்கள். அவன் மறுப்புக்கு மறுப்பு எழுதினான். முடிவில் விதி வளைந்தது, வாசல் விரிந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் நாளேட்டின் வாயிலாக வழக்காடி வென்றான்!

காலம் ஓடியது. தந்திப் பையன் இரயில்வே அதிகாரியானார். பிறகு இரும்பு, அதன் பிறகு எஃகு. 1901-இல் தமது ஆலைகளை 48 கோடி டாலருக்கு விற்றார். பழைய சனிக்கிழமைகளை அவர் மறக்கவில்லை. 1883-இல் பிறந்த ஊரான டன்ஃபர்ம்லினில் முதல் நூல் நிலையம் எழுந்தது. அன்று தொடங்கி, அவர் பணத்தால் உலகெங்கும் எழுந்தவை 2,509. அமெரிக்காவில் மட்டும் 1,679!

அவர் தந்த முறையிலும் ஒரு நுட்பம் இருந்தது. கட்டடத்துக்குத்தான் பணம் தருவார். நிலம் ஊரார் தர வேண்டும். நூல் வாங்கவும் ஊழியர்க்குச் சம்பளம் கொடுக்கவும், தந்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊராட்சி ஒதுக்க வேண்டும். கட்டடம் கொடையாக வந்தாலும், அதை வாழ வைப்பது மக்களின் வரிப்பணம் என்றாயிற்று. கொடையாளி மறைந்தாலும் கதவு மூடாதிருக்க வழி அது.

பிட்ஸ்பர்க் நகரின் நிலையம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1898-இல் அங்கே சிறுவர் பகுதியின் பொறுப்பை ஏற்றார் பிரான்சிஸ் ஜென்கின்ஸ் ஆல்காட் என்ற அம்மையார். வருகிற பிள்ளைகளுக்கு நூல் கொடுப்பதோடு அவர் மனம் அடங்கவில்லை. வராத பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கேட்டார். ஏழைகள் நெருங்கி வாழும் தெருக்களுக்குச் சிறு பெட்டியிலே நூல்கள் போயின. ஒரு பிள்ளையின் வீடே கிளை நிலையம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். வாரந்தோறும் ஒருவர் வந்து கதை சொல்வார், நூல் மாற்றித் தருவார். தெருவிலே திரிந்த பையன்களுக்குப் படிப்பு மன்றங்கள். விளையாட்டுத் திடலுக்கும் நூல்கள். மாளிகைக்குள் நுழைய அஞ்சிய பிள்ளையைத் தேடிக்கொண்டு, மாளிகையே குடிசைக்கு நடந்தது!

இதோடு நிறுத்தினால் கார்னெகியின் வாழ்க்கை இனிக்கும். ஆனால் பாதிக் கதை சொல்வது முழுப் பொய்க்குச் சமம். மீதியையும் கேளுங்கள்.

1892. ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை. கூலிக் குறைப்பை எதிர்த்து நின்றது தொழிலாளர் சங்கம். சங்கத்தை ஒழிப்பது என்று முடிவு கட்டியது நிர்வாகம். கார்னெகியோ ஸ்காத்லாந்தில், ஆலையில் இருந்தவர் அவருடைய கூட்டாளி ஃபிரிக். ஆலைக் கதவு அடைபட்டது. ஜூலை 6-ஆம் நாள் விடியுமுன், துப்பாக்கி ஏந்திய கூலிப் படையினர் 300 பேர் படகிலே வந்து இறங்க முயன்றனர். ஆற்றங்கரையிலே இரத்தம் சிந்தியது; இரு தரப்பிலும் உயிர்கள் பறிபோயின. பின்னே அரசின் படையும் வந்தது. சங்கம் நொறுங்கியது. உழைக்கும் சிறுவன் என்று ஒரு நாள் கையொப்பமிட்ட கைக்கு உரிய ஆலையில், உழைப்பவனின் குரல்வளை நெரிக்கப்பட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1898-இல், அதே ஹோம்ஸ்டெடிலே கார்னெகியின் நூல் நிலையம் திறந்தது. இசை மன்றம் உண்டு, நீச்சல் குளம் உண்டு, அடுக்கடுக்காய் நூல்கள் உண்டு. ஆலையில் வேலையோ நாளுக்கு 12 மணி நேரம்! உலைக்களத்தில் வெந்து வீடு திரும்புபவன் எந்தக் கண்ணால் படிப்பான்? எந்த நேரத்தில் படிப்பான்? நள்ளிரவு நெருங்க வீடு திரும்பிய பழைய தந்திப் பையனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் நூலைத் தந்தார், நேரத்தைத் தரவில்லை. 1919 ஆகஸ்டு 11-இல் அவர் கண்மூடினார். அவர் விற்ற ஆலைகளில் 12 மணி நேர வேலை ஒழியத் தொடங்கியது 1923-இல்தான்.

அட்லாண்டா நகரைப் பாருங்கள். 1902-இல் அவர் பெயரால் அங்கே நிலையம் திறந்தது. கருப்பு மக்களுக்கு உள்ளே இடமில்லை! டூ பாய்ஸ் என்ற பேரறிஞர் தோழர்களோடு சென்று நியாயம் கேட்டார். கருப்பு மக்களுக்கென்று ஒரு கிளை எழ 1921 வரை ஆயிற்று. 19 ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை, சிறுவனாகி, இளைஞனும் ஆகிவிட்டான். அவனுக்கு ஒரு சனிக்கிழமை கூட வாய்க்கவில்லை.

கார்னெகியைத் தூற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2,509 கதவுகள் சிறு காரியமா? அந்தக் கதவுகளால் வாழ்வு பெற்ற பிள்ளைகளை யார் எண்ண முடியும்? ஆனால் கதவைத் திறந்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று யாரும் கருத வேண்டாம். பிள்ளைக்கு நூல் வேண்டும். அதைப் படிக்கப் பொழுது வேண்டும். நீ யார், எந்த நிறம், என்ன தொழில் என்று வாசலில் யாரும் கேட்காதிருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நூல் நிலையம் வெறும் கட்டடம். இம்மூன்றையும் ஒரு செல்வரின் மனம் மட்டும் தந்துவிடாது. மக்கள் கேட்டு, சட்டம் வகுத்து, வரி கொடுத்துக் காக்க வேண்டியவை அவை.

1904-இல், அலிகேனியிலே கர்னல் ஆண்டர்சனுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார் கார்னெகி. நன்றி மறவாத நெஞ்சம்! அதிலே ஓர் உருவம்: உலைக்களத் தொழிலாளி ஒருவன் பட்டடைக் கல்லின்மீது அமர்ந்து, மடியிலே நூலை விரித்துப் படித்துக் கொண்டிருக்கிறான்.

சிலைத் தொழிலாளிக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. அன்று ஆற்றின் மறுகரைகளில் புகைந்து கொண்டிருந்த ஆலைகளில், உயிருள்ள தொழிலாளிக்கு அது கிடைக்கவில்லை. பஞ்சாலைப் பையனின் வாழ்க்கை நமக்கு விட்டுச் சென்ற வேலை அதுதான்: சிலைக்குக் கிடைத்தது சிறுவனுக்கும் கிடைக்க வேண்டும்!